நீரும் ஓர் அமானிதம்

நீர் என்னும் ஓரசைச் சொல் தமிழில் தாங்கி நிற்கும் பொருட்பரப்பு வியப்பிற்குரியது. மழைநீர், ஊற்றுநீர், கடல்நீர் எனப் புறத்தே விரிவது ஒருபுறம். கண்ணீர், உமிழ்நீர், சிறுநீர் என உடலகத்தே விரிவது மறுபுறம். நோய்ப் பெயர்களிலும் அது குடிகொண்டுள்ளது. நீரிழிவு, நீர்க்கோவை, நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு ஆகியவற்றை நோக்குக. இழிதலும் கோத்தலும் கடுத்தலும் சுருங்குதலும் அளவு பிறழ்ந்த நீரின் செயல்களே என்பதைச் சொல்லமைப்பே காட்டிவிடுகிறது. திருவள்ளுவர் வான்சிறப்பை 2ஆம் அதிகாரமாகவும் மருந்தை 95ஆம் அதிகாரமாகவும் வைத்தார். மழைக்கும் மருந்துக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு என்றே யாம் பல்லாண்டு எண்ணியிருந்தோம். அவ்விரண்டும் ஒரே தம்ளருக்குள் அடங்கும் என்பதை எம் தம்பியின் நோய் எமக்குக் கற்பித்தது.

இம்மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று தருமாறே மலர்க் குழுவினர் கேட்டனர். நோயைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு அவர்கள் பொறுத்தருள்க. யாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். எனினும் அறியாமையால் எம் இல்லத்தில் நேர்ந்த தவறு பிறர் இல்லத்தில் நேராதிருக்க வேண்டும் என்னும் ஆசை எம்மை எழுதத் தூண்டியது.

தாகத்தோடு வாழ்ந்த நாட்கள்

எம் ஊர் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ளது. மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும் நீரைச் சிரட்டையால் முகந்து குடம் நிரப்பிய பெண்மக்களை யாம் இளமையிற் கண்டிருக்கிறோம். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளூச் செய்தாலும் நீரை விரயமாக்கல் ஆகாது என்பது, பள்ளிவாசல் ஹவுள் கரையில் பெரியவர்கள் எமக்குக் கற்பித்த முதற்பாடம். எனவே நீரின் அருமையை நன்கு அறிந்தவர் என்றே எம்மை யாம் கருதியிருந்தோம்.

துபாயில் பணியாற்றி வந்த எம் தம்பிக்கு 2014ஆம் ஆண்டு இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. பல்லாண்டு கவனிக்கப்படாதிருந்த இரத்தக் கொதிப்பு அவற்றை அரித்துவிட்டது என்றனர். ஊர் திரும்பிய அவர் டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பை நம்பி வாழத் தொடங்கினார். சிறுநீர் வெளியேறாத உடலில் புகும் நீர் அனைத்தும் அடுத்த சுத்திகரிப்பு வரை உள்ளேயே தங்கும், கால் வீங்கும், நுரையீரலிற் புகுந்து மூச்சை அடைக்கும். ஆகவே நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் என மருத்துவர் வரையறுத்தார். மாத்திரை விழுங்கும் நீர், தேநீர், கஞ்சியிற் கலந்த நீர் யாவும் அதனுள் அடக்கம். உம்மா மண்பானையை அவர் கண்ணிற் படாத உள்ளறைக்கு மாற்றினார். கோடைப் பகலில் ஒரு பனிக்கட்டித் துண்டை வாயிலிட்டு அது கரையும் வரை கண்மூடிக் கிடக்கும் தம்பியைக் காணுந்தோறும் எம் கையிலுள்ள தம்ளர் கனத்தது.

2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உம்மாவின் சிறுநீரகங்களுள் ஒன்று தம்பிக்குப் பொருத்தப்பட்டது. புதிய சிறுநீரகம் அன்றே இயங்கத் தொடங்கியது. மணிக்கொரு முறை சிறுநீரை அளந்து, வெளியேறிய அளவுக்கேற்ப நரம்பு வழியே நீரேற்றினர். சில நாட்களில், இனி நாளொன்றுக்கு மூன்று லிட்டர் பருக வேண்டும் என்று ஆணை வந்தது. நிறைந்த தம்ளரைக் கையிலேந்திய தம்பி எம் முகத்தைப் பார்த்தார். "காக்கா, இது அம்புட்டையும் குடிக்கலாமா?" என்றார். ஓராண்டுக்கும் மேலாக நீரைக் கண்டு அஞ்சிய மனிதர் எழுப்பிய அவ்வினா இன்றும் எம் செவியில் ஒலிக்கிறது.

உடலின் நீர்க்காவல்

வளர்ந்த ஆடவர் உடலின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீரே. 60 கிலோ எடையுள்ளவரிடம் சுமார் 36 லிட்டர் நீர் உண்டு. அதில் மூன்றில் இருபங்கு உயிரணுக்களுக்குள்ளும், எஞ்சியது வெளியிலும் உலவுகிறது. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடிகட்டி, அதில் 99 விழுக்காட்டுக்கு மேல் மீண்டும் உடலுக்கே திருப்பி அளிக்கின்றன. வெளியேறுவது ஒன்றரை அல்லது இரண்டு லிட்டரே. இத்துணைக் கணக்கும் நாம் அறியாமலே நடைபெறுகிறது.

இக்கணக்கிற்குக் காவலர் இருவர். குருதியின் செறிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளை அதனை உணர்ந்து தாகத்தை எழுப்பும், இது முதற்காவல். அவ்வேளையிலேயே வாசோபிரெஸ்ஸின் என்னும் சுரப்பு குருதியிற் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் நீர் திரும்பிச் செல்லும் வாயில்களைத் திறந்துவிடும், இஃது இரண்டாங்காவல். நீர் புகும் இவ்வாயில்களைக் கண்டறிந்தமைக்காகப் பீட்டர் ஆக்ரி என்னும் அமெரிக்க அறிஞர் 2003ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். உப்பு ஒருபுறமும் நீர் ஒருபுறமுமாக இறைவன் நம் உடலுக்குள் நிறுத்திய தராசு இது.

மண் தந்த மருந்து

பிறர் உறுப்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. தாயின் உறுப்பாயினும் அயலானது என்றே கருதித் தாக்கும். 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் அறுவை மருத்துவர் சிறுநீரக மாற்றத்தை முதன்முதலில் வெற்றியாக நிகழ்த்தியபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் தோன்றிய இரட்டையர். உடல் வேற்றுமை காணாதாகையால் எதிர்ப்பை அடக்கும் மருந்து அங்கே தேவைப்படவில்லை. நம் நாட்டில் 1971ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இச்சிகிச்சை வெற்றி கண்டது. இரட்டையர் அல்லாதார்க்கு இது பரவலாகக் கைகூடியது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் வந்த பின்னரே.

அம்மருந்துகளுள் தலையாய மூன்று மண்ணிலிருந்து கிடைத்தவை என்பது எம்மை வியப்பில் ஆழ்த்தியது. நார்வே நாட்டு மண்ணில் வாழ்ந்த பூஞ்சை சைக்ளோஸ்போரினைத் தந்தது. ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் 1984ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நுண்ணுயிர் டாக்ரோலிமஸைத் தந்தது. பசிபிக் பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவின் மண் சிரோலிமஸைத் தந்தது. நீர் கிடைக்காதபோதும், நீர் தீங்கு பயக்கும்போதும் தூய மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்யும் சமுதாயத்தார் நாம். மனிதன் மண்ணாற் படைக்கப்பட்டவன் என நம்புவோரும் நாமே. அம்மண்ணே மருந்தாகவும் வந்து நிற்பதை எண்ணி எம் உள்ளம் நெகிழ்ந்தது.

ஆயின் மருந்துக்கு ஒரு கண்தான் உண்டு. டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் எதிர்ப்பணுக்களில் உள்ள கால்சினியூரின் என்னும் நொதியை முடக்குகின்றன. அதே நொதி சிறுநீரகத்திலும் பணிபுரிகிறது. அங்கும் அது முடங்குவதால், சிறுநீரகத்திற்குக் குருதி கொணரும் நுண்தமனிகள் சுருங்குகின்றன, நுண்குழாய்கள் உப்பை அளவுக்கு மீறித் திரும்பப் பெறுகின்றன, பொட்டாசியம் தேங்குகிறது, மக்னீசியம் வீணே வெளியேறுகிறது. உப்புத் தங்கினால் நீரும் தங்கும். இரத்தக் கொதிப்பு உயரும். காக்க வந்த மருந்தே காக்கப்படும் உறுப்பின் நீர்க்கணக்கில் கை வைக்கிறது.

அந்த ரமலான்

2016ஆம் ஆண்டு ரமலான் ஜூன் மாதக் கடுவெயிலில் வந்தது. தம்பிக்கு அறுவை நிகழ்ந்து ஏழு திங்களே ஆகியிருந்தன. இவ்வாண்டு நோன்பு கூடாது என்று மருத்துவர் முன்கூட்டியே அறிவுறுத்தியிருந்தார். 13 மணி நேரத்திற்கு மேல் நீரின்றி இருத்தல் புதிய சிறுநீரகத்திற்கு ஆகாது என்பது ஒரு காரணம். 12 மணிக்கொரு முறை தவறாது உட்கொள்ள வேண்டிய மாத்திரை, நோன்பு திறக்கும் நேரத்திற்கும் சஹர் நேரத்திற்கும் இடையே பொருந்தாது என்பது மற்றொரு காரணம்.

தம்பி நோன்பு நோற்கவில்லை. ஆனால் நோன்பாளிகள் நிறைந்த வீட்டில் பகலில் நீரருந்த நாணினார். உம்மா, யாம், எம் மனைவி, வளரிளம் பிள்ளைகள் யாவரும் வாய் உலர்ந்திருக்கையில், தாம் மட்டும் தம்ளரை உயர்த்துவது அவருக்கு இயலவில்லை. வெளியில் உறவினர் எவரேனும், "நோன்பு இல்லையா?" என்று இயல்பாகக் கேட்ட கேள்வியும் அவரைச் சுட்டிருக்க வேண்டும். மூன்று லிட்டர் ஒன்றரை லிட்டராகக் குறைந்ததை யாம் கவனிக்கவில்லை. உண்மையைச் சொல்வதாயின், அவர் அடக்கமாக இருப்பதைக் கண்டு யாம் உள்ளூர மகிழவும் செய்தோம். அம்மகிழ்ச்சியை நினைத்தால் இன்றும் நாணம் உண்டாகிறது.

இரண்டாம் வாரத்தில் அவருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நோன்புக் கஞ்சியோடு உண்ட வடை ஒத்துக்கொள்ளவில்லை என்று யாம் முடிவு கட்டினோம். மோர் கொடுத்தோம், வெந்தயம் கொடுத்தோம். "மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லலாமா, காக்கா?" என்று தம்பி கேட்டபோது, "இதற்குப் போயா? மாத்திரைதான் தவறாமல் விழுங்குகிறாயே!" என்று யாமே மறுத்துவிட்டோம். இரண்டு நாட்கள் கழிந்தன. மூன்றாம் நாள் மாலை பாங்கு ஒலித்தவேளை, கஞ்சிக் கோப்பையை ஏந்திய தம்பியின் கை நடுங்கிற்று. கஞ்சி தரையிற் சிந்தியது. எழ முயன்றவர் தலைசுற்றி அமர்ந்தார். காலை முதல் சிறுநீர் ஏறக்குறைய இல்லை என்று அப்போதுதான் கூறினார்.

அன்றிரவே வாடகைக் காரில் மதுரைக்கு விரைந்தோம். சிறுநீரகத்தின் நலங்காட்டும் கிரியாட்டினின் 1.2இலிருந்து 2.6ஆக உயர்ந்திருந்தது. குருதியில் டாக்ரோலிமஸ் இருக்க வேண்டிய அளவினும் இருமடங்குக்கு மேல் இருந்தது. அவசரப் பிரிவின் வாயிலில் உம்மா ஏதும் பேசாது தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். தம் உடலிலிருந்து பிரித்துக் கொடுத்ததை யாம் காக்கத் தவறிவிட்டோமோ என்னும் எண்ணம் எம்மை வாட்டியது.

மருத்துவர் விளக்கிய சங்கிலி

மறுநாள் மருத்துவர் எம்மை அமர்த்தி, நிகழ்ந்ததைக் கண்ணி கண்ணியாக எடுத்துரைத்தார். எதிர்ப்பை அடக்கும் மருந்துகளுள் மைக்கோஃபெனோலேட் என்பது தானே வயிற்றுப்போக்கைத் தரவல்லது. தொற்றாலும் அது வரலாம். எவ்வாறு வந்தாலும் முதலில் நீரும் உப்பும் உடலை விட்டு நீங்குகின்றன. இரண்டாவதாக, டாக்ரோலிமஸ் முழுதும் குருதியிற் புகாதவாறு அதில் ஒரு பகுதியைச் சிதைத்தும் திருப்பித் தள்ளியும் காப்பது குடற்சுவர். வயிற்றுப்போக்கில் அச்சுவர் நலிவதால், அதே மாத்திரை அதே அளவில் உட்கொள்ளப்பட்டாலும் குருதியில் மருந்து மிகுகிறது. மூன்றாவதாக, மிகுந்த மருந்து சிறுநீரகத்தின் தமனிகளை மேலும் சுருக்குகிறது. நீர் வற்றியதால் முன்னரே குறைந்த குருதியோட்டம் இன்னும் குறைகிறது. கை நடுக்கம் மருந்து மிகுந்ததன் அடையாளம். சிறுநீர்க் குறைவு சிறுநீரகம் தவிப்பதன் அடையாளம்.

"மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார் என்று சொல்கிறீர்கள், சார். உடம்பு ஒழுங்காக இருந்தால்தான் மாத்திரையும் ஒழுங்காக இருக்கும்" என்றார் அவர். எம் அறியாமையை அதனினும் சுருங்க எடுத்துரைக்க இயலாது. அவ்வேளையில் வலிக்கு எனக் கடையில் கிடைக்கும் இபுப்ரோஃபென் போன்ற மாத்திரை ஒன்றைக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்றும், அவை சிறுநீரகக் குருதியோட்டத்தை மேலும் ஒடுக்குவன என்றும் எச்சரித்தார். தாமாக மருந்தை நிறுத்துதலும் கேடே. உடல் உறுப்பைத் தாக்கத் தொடங்கிவிடும். செய்யத்தக்கது ஒன்றே: முதல் நாளே மருத்துவரிடம் தெரிவித்தல்.

நரம்பு வழியே நீரேற்றி மருந்தின் அளவையும் குறைத்தனர். ஒரு வாரத்தில் கிரியாட்டினின் 1.4க்கு இறங்கியது. பழைய 1.2க்கு அது மீளவேயில்லை. அந்த இடைவெளி எம் கவனக்குறைவின் கணக்கு.

மிகையும் கேடே

இவ்வளவும் கேட்டபின், நிறைய நீர் பருகினால் போதும் என்று எவரும் முடிவு செய்தல் ஆகாது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் உப்பையும் அதன்வழி நீரையும் உடலில் தேக்குவன. கால் வீங்கும், எடை ஏறும். அவையே சர்க்கரையையும் உயர்த்தும். டாக்ரோலிமஸும் அதற்குத் துணைபோகும். சர்க்கரை மிகுந்தால் அது சிறுநீரில் இறங்கி நீரையும் இழுத்துச் செல்லும், தாகம் அடங்காது. நீரிழிவு என நம் முன்னோர் இட்ட பெயரின் பொருத்தத்தை எண்ணி வியந்தோம். ஒரே மருந்து ஒருபால் நீரைத் தேக்கவும் மறுபால் நீரை இழக்கச் செய்யவும் வல்லதாக இருக்கிறது.

வேறு சில நோய்களுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கத் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடின் தன்மை இன்னும் விந்தையானது. அதன் கழிவு சிறுநீர்ப்பையைப் புண்படுத்துமாகையால் நிறைய நீர் பருகுமாறு கூறுவர். அம்மருந்தே சிலர்க்கு நீரை வெளிவிடாது தடுத்துவிடும். அப்போது பருகிய நீர் குருதியிலுள்ள சோடியத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய அது மிகத் தாழ்ந்தால் தலைவலி, மயக்கம், மனக்குழப்பம், வலிப்பு வரை செல்லும். எனவே ஒருவர்க்கு மருந்தாகும் மூன்று லிட்டர் இன்னொருவர்க்கு நஞ்சாகலாம். அவரவர் அளவை அவரவர் மருத்துவரே உரைக்க வல்லார்.

வீடு திரும்பியபின் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடுகள் வரைந்தோம். காலை எடை, பருகிய நீர், கழிந்த சிறுநீர், இரத்த அழுத்தம் என நான்கு பத்திகள். இரண்டொரு நாளில் ஒரு கிலோ கூடினாலோ குறைந்தாலோ அது சதையன்று, ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் என்று கற்றுக்கொண்டோம். யாப்பில் சீரும் தளையும் எண்ணிப் பழகிய எமக்கு இக்கணக்கு கடினமாக இருக்கவில்லை. முன்னரே எண்ணாதிருந்தமைதான் எம் குறை.

சலுகையும் வழிபாடே

செய்தி அறிந்து எம் பள்ளிவாசல் ஹஜ்ரத் இல்லம் வந்தார். தம்பியின் அருகே அமர்ந்து, "தம்பி, நோயாளிக்கு நோன்பை விலக்கியவன் அல்லாஹ். அவன் கொடுத்த சலுகையை வாங்க வெட்கப்படுவது பேணுதல் ஆகாது. உங்களுக்குத் தண்ணீர் குடிப்பதே இப்போது கீழ்ப்படிதல்" என்றார். பின்னர் நோற்க இயலுமாயின் களாச் செய்யவும், இயலாதெனின் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்துப் பித்யாக் கொடுக்கவும் வழி கூறினார். எம் பக்கம் திரும்பி, "உம்மாவின் உறுப்பு தம்பியிடம் இருக்கும் அமானிதம். அதற்குரிய தண்ணீர் வீட்டார் எல்லாரிடமும் இருக்கும் அமானிதம்" என்று சொன்னார். இக்கட்டுரையின் தலைப்பு அவர் அளித்ததே.

அறுவை முடிந்து ஓராண்டு கடந்து, சிறுநீரகம் நிலையாக இயங்கும் சிலர் மருத்துவர் கண்காணிப்பில் தீங்கின்றி நோன்பு நோற்றதாகச் சவூதி அரேபியா, குவைத் முதலிய நாடுகளின் ஆய்வுகள் கூறுகின்றன. நாளுக்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் வகை டாக்ரோலிமஸும் உண்டு. ஆகவே எல்லார்க்கும் எக்காலத்தும் தடை என்று யாம் கூறவில்லை. ரமலானுக்குச் சில வாரங்கள் முன்னரே மருத்துவரையும் மார்க்கம் அறிந்தவரையும் ஒருசேரக் கலந்து முடிவு செய்தலே முறை. எம் தம்பிக்கு மருத்துவர் இன்றளவும் இசைவு தரவில்லை. அவர் பித்யாக் கொடுத்து வருகிறார்.

2017ஆம் ஆண்டு ரமலான் முதல் எம் இல்லத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. மருத்துவரின் இசைவோடு உம்மா நோன்பு நோற்கிறார். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் மண்பானையிலிருந்து நீர் மொண்டு, அளவு குறித்த செம்பில் ஊற்றி, உலர்ந்த உதடுகளோடு தம்பியிடம் நீட்டுகிறார். அவர் குடித்து முடிக்கும் வரை அருகிலேயே நிற்கிறார். உள்ளறைக்குச் சென்ற அப்பானை மீண்டும் கூடத்திற்கு வந்துவிட்டது.

மாணவச் செல்வங்களே, பெரியோர்களே! ரமலான் பகலில் ஒருவர் நீரருந்தக் கண்டால், "நோன்பு இல்லையா?" என்று கேட்கும் முன் ஒரு கணம் தயங்குங்கள். அவர் உடலுக்குள் எந்தத் தாயின் சிறுநீரகம் அந்நீருக்காகக் காத்திருக்கிறதோ, நாம் அறியோம். நம் வீட்டில் இத்தகைய மருந்துகளை உட்கொள்வோர் இருப்பின், அவர் கேட்காமலே நீரை அவரருகே கொண்டுபோய் வைப்போம். அவர் சிறுநோய் என்று சொன்னாலும் அதனைப் பெரிதாகக் கேட்போம். தம்பி கேட்ட அந்த ஒரு வினாவை யாம் அன்று கேட்டிருந்தால் அந்த 1.2 நிலைத்திருக்கும். எல்லாம் வல்ல அல்லாஹ் நோயுற்றோர் அனைவர்க்கும் நலமும், அவர்களைப் பேணுவோர்க்கு விழிப்பும் அருள்வானாக! ஆமீன்.